பட்டியலில் இல்லாத ரயில்

வீட்டில் ரேடியோ கரகரத்தால் ரேடியோவைத்தான் தட்டுகிறோம். சமையலறையில் ஓடும் மிக்ஸியின் மேல் சந்தேகம் வருவதில்லை. சிங்கப்பூர் மெட்ரோவில் ஒருமுறை கிட்டத்தட்ட இதேதான் நடந்தது.

அங்குள்ள சர்க்கிள் லைன் பாதையில் ஓடும் ரயில்களுக்கு டிரைவர் கிடையாது. எல்லாம் ரேடியோ சிக்னலின் கட்டளைப்படி நடக்கும். சிக்னல் விட்டுப்போனால், பாதுகாப்புக்காக எமர்ஜென்சி பிரேக் தானாகவே விழுந்துவிடும். 2016 ஆகஸ்ட் கடைசியில், ஓடிக்கொண்டிருந்த ரயில்கள் இப்படித் திடீர் திடீரென்று நின்றன. பயணிகள் தவித்துப்போனார்கள். சில நாட்களில் கோளாறு தானாகவே மறைந்தது. 'அப்பாடா' என்று மூச்சு விட்டால், நவம்பர் தொடக்கத்தில் மறுபடியும் தலைகாட்டியது.

வெளியிலிருந்து ஏதோ ஓர் அலைவரிசை குறுக்கிடுகிறது என்று சந்தேகப்பட்டார்கள். அந்தப் பாதையில் செல்போன் சிக்னலைக்கூடத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தார்கள். பலன் இல்லை.

நவம்பர் 5, சனிக்கிழமை. அரசின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கைச் சேர்ந்த மூன்று டேட்டா நிபுணர்களின் கைக்கு ஒரு பட்டியல் வந்தது. எந்த ரயில் நின்றது, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தத் திசையில் போகும்போது என்ற விவரங்கள் அதில் இருந்தன.

முதலில் நேரத்தைப் பார்த்தார்கள். நாள் முழுக்கப் பரவியிருந்தது. இடத்தைப் பார்த்தார்கள். ஒரே இடம் என்று சொல்ல முடியவில்லை. ரயில்களைப் பார்த்தார்கள். பல ரயில்கள் மாட்டியிருந்தன. தனித்தனியாகப் பார்த்தபோது எதுவும் பிடிபடவில்லை.

பிறகு நேரத்தையும் இடத்தையும் சேர்த்து ஒரே வரைபடத்தில் போட்டார்கள். ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், மறுபக்கம் மணி. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு புள்ளி. சிதறிக் கிடந்த புள்ளிகள் சாய்ந்த கோடுகளாக வரிசைகட்டின! ஒரு ரயில் நிற்கிறது. சில நிமிடங்களில் அதற்குப் பின்னால் வரும் ரயில் நிற்கிறது. அப்புறம் அதற்கும் பின்னால் வருவது. அதாவது, ரயில்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில் கோளாறு நகர்ந்துகொண்டே போகிறது. அதுவும் ஒரு ரயிலின் வேகத்தில்.

அப்படியானால் எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் போகிறது. எதிரே வரும் ஒவ்வொரு ரயிலின் சிக்னலையும் அது கெடுத்துக்கொண்டே போகிறது.

அந்த ரயில் பட்டியலில் ஏன் இல்லை? பட்டியலில் இருந்தவை பிரேக் விழுந்து நின்ற ரயில்கள் மட்டுமே. குற்றவாளிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, அது ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

ஊகம் மட்டும் போதாது அல்லவா? கணினியில் சரிபார்த்தார்கள். 259 சம்பவங்களில் 189, அதாவது 73 சதவிகிதம் இந்தக் கணக்கில் பொருந்தின. உடனே ரயில் பணிமனைக்குப் போய், சம்பவ நேரங்களில் எந்தெந்த ரயில் எந்த ஸ்டேஷனைக் கடந்தது என்று வீடியோ பதிவுகளைப் பார்த்தார்கள். விடியற்காலை 3 மணி சுமாருக்கு ஒரு ரயில் சிக்கியது. அதன் எண் பிவி 46.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத நேரத்தில் அந்த ரயிலை ஓட்டிப் பார்த்தார்கள். அருகில் வந்த ரயில்களின் சிக்னல் அறுந்தது. சந்தேகம் தீர்ந்தது. அதன் சிக்னல் கருவியில் இருந்த பழுதுதான் காரணம். முழுப் பதிவுகளையும் பிறகு ஒப்பிட்டபோது, 95 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள் அந்த ஒரே ரயிலைக் கைகாட்டின.

அடுத்த முறை வீட்டில் ஏதாவது ஒரு கருவி அடிக்கடி மக்கர் செய்தால், ஒரு நோட்டில் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கூடவே, அந்த நேரத்தில் வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்பதையும் எழுதுங்கள். மெக்கானிக் வரும்போது அந்த நோட்டு அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.