உள்பக்கம் தின்ற டயர்

வெளியே நின்று பார்த்தால் டயர் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, குனிந்து, உள்பக்கம் கையை விட்டுத் தடவினால்தான் வயிறு எரிகிறது. இரண்டு விரற்கடை அகலத்துக்கு வழவழவென்று மொட்டை. ஓரிடத்தில் கம்பியே வெளியே தெரிகிறது. இன்னும் 20,000 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டிய டயர். முன்பக்கம் இரண்டுக்கும் இதே கதி. எஸ்யூவிக்குப் போடும் 17 அங்குல டயர் என்ன விலை விற்கிறது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டிய வண்டியில்லை இது. ஒவ்வொரு சர்வீஸிலும் அலைன்மென்ட், பேலன்சிங் என்று தனித்தனியாகப் பில் போட்டார்கள், கட்டியிருக்கிறேன். பில்லோடு தந்த தாள்களைப் பார்க்கப் பார்க்கத்தான் ஆத்திரம் வருகிறது. சக்கரம் நேர்கோட்டிலிருந்து திரும்பியிருப்பதைக் காட்டும் 'டோ' கட்டம் வேலைக்கு முன் சிவப்பு, பின் பச்சை. பக்கத்திலேயே சக்கரத்தின் சாய்வைக் காட்டும் 'கேம்பர்' கட்டம் முன்பும் சிவப்பு, பின்பும் சிவப்பு. எல்லாத் தாளிலும் அப்படியே. கேட்டால், "இந்த வண்டியில கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார், டோ மட்டும்தான் வைக்க முடியும்" என்கிறார்கள்.

அது உண்மைதான். மெக்பர்சன் ஸ்ட்ரட் போட்ட பல வண்டிகளில் கேம்பரைத் திருகிச் சரிசெய்யக் கம்பெனியே வழி வைப்பதில்லை. திருகவே முடியாத ஒன்று அளவு மாறியிருக்கிறது என்றால், கீழே ஏதோ வளைந்திருக்கிறது, இல்லை தேய்ந்திருக்கிறது என்றுதானே பொருள்? லோயர் ஆர்ம் புஷ்ஷா, பால் ஜாயிண்டா, ஸ்ட்ரட்டா என்று லிஃப்டில் ஏற்றி, கம்பி கொடுத்து நெம்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? புஷ் கிழிந்திருந்தால், மேடையில் நிற்கும்போது வைத்த டோ பிரேக் பிடித்ததும் மாறிப்போகும்.

அந்த டோ லேசுப்பட்ட விஷயமும் இல்லை. ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து 0.2 டிகிரி விலகினாலே போதும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்கிறது கணக்கு. 10,000 கிலோமீட்டருக்கு 35 கிலோமீட்டர்! கேம்பரும் உள்ளே சாய்ந்திருந்தால் அந்தத் தேய்ப்பு முழுவதும் உள்விளிம்பின் தலையில்தான் விழும்.

புஷ் ஏன் கிழிகிறது என்று எங்கள் தெருக்களில் ஓட்டிப் பார்த்தால் தெரியும். வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே அளவு வகுத்திருக்கிறது. வண்டி ஏறி மெதுவாக இறங்குவதற்கான அகலம் அது. இங்கே ஒரு முழ அகலத்தில் தாரைக் குவித்து வைத்திருக்கிறார்கள், வெள்ளைக் கோடும் இல்லை. ராத்திரியில் ஏறி விழுந்த பிறகுதான் தெரிகிறது. எத்தனை மெதுவாகப் போனாலும் அந்த இடி நேராகக் கீழே இருக்கும் புஷ் ரப்பருக்குத்தான்.

டயர் கம்பெனி ஆள் வந்தார். கேஜை வைத்து அளந்துவிட்டு, "அலைன்மென்ட் தேய்மானம் சார், வாரண்டியில வராது" என்றார். சர்வீஸ் சென்டரோ, "எங்க அலைன்மென்ட் ரிப்போர்ட் கரெக்டா இருக்கு, டயரைத்தான் கேக்கணும்" என்கிறது. கேம்பர் சிவப்பாக இருக்கும் தாளைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறார்கள்.

கடைசியில் வெளியே ஒரு மெக்கானிக் அண்ணன்தான் வண்டியைத் தூக்கியதும் காட்டினார்: இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் புஷ் வெடித்து, ரப்பர் தனியாகத் தொங்குகிறது. "இது ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கும்ணே" என்றார். மாற்றி, அலைன்மென்ட் வைத்ததும் கேம்பர் பச்சைக்கு வந்துவிட்டது. டயருக்குப் போன பணத்தை யாரிடம் கேட்பது? அந்தத் தாளில் "கேம்பர் சரியில்லை, புஷ்ஷைப் பார்க்கவும்" என்று முதல் தடவையே ஒரு வரி எழுதித் தந்திருந்தால், அன்றைக்கே மாற்றியிருப்பேனே!