கண்ணனையே மிரட்டிய கும்மன்

நவராத்திரி தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே மைசூரின் லட்சுமிபுரம், சரஸ்வதிபுரம் பக்கத்து வீடுகளில் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கிவிடும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ராஜாவும் ராணியுமாக நிற்கும் 'பட்டத பொம்பெ' ஜோடிக்குத்தான் முதல் மரியாதை. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்பும் மர பொம்மைகள் அவை. பாட்டியின் பாட்டி கொண்டுவந்தது என்று சொல்லிக் காட்டும் வீடுகளும் உண்டு.

இரண்டு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் இந்த நாட்கள் சோதனைக் காலம். கண்ணுக்கு நேரே, கைக்கு எட்டும் உயரத்தில், படி படியாக வண்ண வண்ண விளையாட்டுச் சாமான்கள். ஆனால் எதையும் தொடக் கூடாது. இதைவிடக் கொடுமையான ஏற்பாட்டை ஒரு குழந்தைக்கு யாரும் யோசித்துச் செய்துவிட முடியாது. முதல் நாள் 'தொடாதே கண்ணா' என்று தொடங்குவது, மூன்றாம் நாள் 'தொட்டே, அவ்வளவுதான்' என்று ஆகியிருக்கும். நான்காம் நாள் ஒரு செட்டியார் பொம்மையின் தலை போகும். பிறகு, தமிழ் பேசும் வீடானால் பூச்சாண்டி வருவான். கன்னட வீடானால் கும்மன். இரண்டு மொழியும் புழங்கும் வீடுகள் மைசூரில் ஏராளம். அங்கே இருவரும் சேர்ந்தே வருவார்கள்.

கும்மன் சாதாரண ஆள் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் புரந்தரதாசர் கீர்த்தனையிலேயே இடம் பிடித்துவிட்டவன். அந்தப் பாட்டில் குழந்தைக் கண்ணன் கும்மனைக் கூப்பிடாதே என்று யசோதையிடம் கெஞ்சுகிறான். சும்மா இருப்பேன், பால் கேட்க மாட்டேன், சாதம் சாப்பிடுவேன், அழ மாட்டேன், அண்ணனைத் திட்ட மாட்டேன், மண் தின்ன மாட்டேன், கிணற்றடிக்குப் போக மாட்டேன் என்று வரிசையாக வாக்குக் கொடுக்கிறான். கர்நாடகத்துத் தாய்மார்கள் இன்றும் உருகிப் பாடும் பாட்டு. பக்தியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டால், இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் செய்யக்கூடிய அத்தனை குறும்புகளின் பட்டியல் அது. பயத்தில் குழந்தை எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளும் என்பதும் அதிலேயே இருக்கிறது. அழ மாட்டேன் என்று எந்தக் குழந்தையால் உறுதி கொடுக்க முடியும்?

தமிழில் பெரியாழ்வார் இதைத் தலைகீழாக்கியிருக்கிறார். அவருடைய கண்ணன் தானே மற்றவர்களுக்கு அப்பூச்சி காட்டி மிரட்டுகிறான். குழந்தை வளர்த்தவர்களுக்கு எது யதார்த்தத்துக்கு நெருக்கம் என்று தெரியும்.

பூச்சாண்டிக்கு இன்று வேலை குறைந்துவிட்டது. அவன் இடத்துக்குப் புதிய ஆட்கள் வந்திருக்கிறார்கள். சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார். அடம் பிடித்தால் போலீஸ்காரர் பிடித்துப் போவார். வாசலில் வரும் சாக்குப்பைக்காரர் தூக்கிப் போவார். அந்த நேரத்துக்குப் பலன் தெரிவது உண்மைதான். பாக்கி பின்னால் வரும். ஊசி போட வேண்டிய நாளில் டாக்டரைக் கண்டதுமே குழந்தை அலறுகிறது. விஜயதசமி அன்று ஜம்பு சவாரி பார்க்க மைசூர் தெருக்களில் கூடும் கூட்டத்தில் ஒரு குழந்தை அம்மாவின் கையை விட்டுவிட்டால் அது யாரிடம் போக வேண்டும்? காக்கிச் சட்டைக்காரரிடம். ஆனால் அவரைக் கண்டால் ஓடி ஒளியும்படி அதை ஆண்டு முழுவதும் பழக்கியிருக்கிறோம்.

அடுத்தது அடி. 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்ற பழமொழி கையோடு வரும். இறைவனின் திருவடியைத்தான் அது சொல்கிறது என்று விளக்கம் தரும் தமிழாசிரியர்கள் உண்டு. அந்த விளக்கத்தால் எத்தனை முதுகு தப்பியது என்பது வேறு விஷயம்.

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அதிலும் பொம்மைதான் கதாநாயகன். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையை அடித்து உதைப்பதை மழலைப் பள்ளிக் குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அவர்கள் அந்தப் பொம்மையுடன் விடப்பட்டபோது, பலர் அதே மாதிரி அடித்தார்கள். பெரியவர் சொன்ன வார்த்தைகளைக்கூடத் திருப்பிச் சொன்னார்கள். தம்பியை அடித்ததற்காக அடி வாங்கும் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

குழந்தை அடிப்பதும் கடிப்பதும் கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டதால் அல்ல. கனடாவின் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னது இது: கை ஓங்குவது மனித வாழ்வில் மிக அதிகமாக இருப்பது இரண்டு, மூன்று வயதில்தான். அதன் பிறகு குழந்தை கற்றுக்கொள்வது கையை அடக்க. அந்த வயதில் ஆசை மலையளவு, வார்த்தையோ கைப்பிடி அளவு. நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் தரையில் புரண்டு அழுகை.

சட்டம் இந்த வயதுக்குப் பெரிதாக உதவவில்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆனால் அது ஆறு வயதிலிருந்து பதினான்கு வரையிலான குழந்தைகளுக்கான சட்டம். வீட்டுக்குள் அது வருவதில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்துடன் பாதுகாவலர் செய்வது குற்றமாகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 89-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் புதிய நியாய சன்ஹிதை வந்தபோது அது 27-வது பிரிவாக அப்படியே தொடர்ந்தது. பெற்றோர் அடிப்பதையே சட்டத்தால் தடுத்த முதல் நாடு ஸ்வீடன், 1979-ல்.

அடியும் வேண்டாம், பூச்சாண்டியும் வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது? பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்கு அம்புலிப் பருவம் ஞாபகம் வரும். குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைக்கப் புலவர்கள் நான்கு உபாயங்களைக் கையாண்டார்கள்: சாமம், பேதம், தானம், தண்டம். முதலில் இனிய பேச்சு, மிரட்டல் கடைசியில்தான். நிலவிடம் காட்டிய அந்தப் பொறுமையைக் குழந்தையிடமும் காட்டலாம்.

கொலு வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். கீழ்ப்படியைக் குழந்தைக்கே விட்டுவிடுவது ஒரு வழி. மரப்பாச்சி, சென்னபட்டணத்து மர பொம்மை என்று விழுந்தாலும் உடையாதவை அங்கே. மண் பொம்மைகளெல்லாம் மேலே. 'தொடாதே' என்பதற்குப் பதில் 'இது உன் படி, அது பாட்டி படி'. இரண்டு வயதுக்கு 'கூடாது' என்பதைவிட 'இதைச் செய்' என்பது சீக்கிரம் புரிகிறது. சுண்டல் தட்டு தூக்கப் பச்சைச் சட்டையா, மஞ்சள் சட்டையா என்று கேட்டால், சட்டையே போட மாட்டேன் என்ற சண்டை பாதி நாள் எழுவதில்லை. மீதிப் பாதி நாள் எழும். எந்த உபாயமும் தினமும் பலிப்பதில்லை.

தண்டம் என்றால் சற்று விலக்கி உட்கார வைப்பது. 1960-களின் தொடக்கத்தில் ஆர்தர் ஸ்டாட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் சின்ன மகளிடம் கையாண்டு பரவலான முறை அது. வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இருட்டறையிலோ குளியலறையிலோ அடைத்துத் தாழ்ப்பாள் போடுவது இந்தக் கணக்கில் சேராது. அது கும்மன் வேறு வேஷத்தில் வருவது.

மைசூரின் ஒரு தலைமை ஆசிரியர் வீட்டில், நூறாண்டுகளுக்கு முன், கடைசிப் பையன் தரை, சுவர், கதவு என்று கண்ட இடமெல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்தான். பின்னாளில் 'சாமானியன்' கேலிச்சித்திரத்தை நாட்டுக்குத் தந்த ஆர். கே. லக்ஷ்மண்தான் அந்தப் பையன். சுவரில் கிறுக்கும் எல்லாக் குழந்தைகளும் லக்ஷ்மண் ஆகிவிடப் போவதில்லை. வெள்ளையடிக்கும் செலவும் நிஜமானது. ஆனால் மூன்றடி உயரத்துக்கு ஒரு சுவரில் பழுப்புக் காகிதம் ஒட்டி, கிறுக்க அதுதான் இடம் என்று காட்டுவதற்கு அதிகச் செலவில்லை.

அவருடைய அண்ணன் ஆர். கே. நாராயண் 1939-ல் மனைவியை டைஃபாய்டுக்குப் பறிகொடுத்தார். மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்தத் துயரத்திலிருந்து பிறந்தது 1945-ல் வெளிவந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்'. அதில் மழலைப் பள்ளி நடத்தும் ஒரு தலைமை ஆசிரியர் வருகிறார். குழந்தைகளைத் தம் போக்கில் விட்டுவிடுவதே அவருடைய கல்வி முறை. தாயை இழந்த குழந்தை அங்கே விளையாட்டிலும் கதையிலும் தேறுகிறது. ஆனால் அந்த நல்ல மனிதருக்குச் சொந்த வீட்டில் நிம்மதி இல்லை. மனைவி, பிள்ளைகளோடு ஒத்துப்போக முடியவில்லை. நாராயண் இதை வேடிக்கைக்காக மட்டும் சேர்த்திருக்க மாட்டார். ஊரார் குழந்தையிடம் பொறுமை காட்டுவது எப்போதுமே சுலபம். 1989-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக அவர் எழுந்து பேசியதும் குழந்தைகளைப் பற்றித்தான், அவர்கள் முதுகில் ஏறிய புத்தக மூட்டையைப் பற்றி.

இப்போது எல்லா உபாயங்களையும் ஓரம் கட்டிவிட்டது செல்போன். அழுதால் கொடு, சாப்பிடக் கொடு, விருந்தாளி வந்தால் கொடு. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்னது. போன் கையில் வந்ததும் அழுகை நிற்கிறதே என்கிறார்கள். கும்மன் பேரைச் சொன்னாலும் நின்றது.

விஜயதசமி இரவு கொலுப் படியில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். பத்து நாளும் 'தொடாதே' கேட்ட குழந்தையிடம் சில வீடுகளில் அந்த வேலையைக் கொடுக்கிறார்கள். இரண்டு கையாலும் பொம்மையைப் பிடித்து, மூச்சுக்கூட விடாமல், மெதுவாகப் படுக்க வைத்துவிட்டு, அதை அது தட்டிக் கொடுக்கிறது. பாட்டி மட்டும் கீழே ஒரு கையை நீட்டி வைத்திருக்கிறாள், விழுந்தால் பிடிக்க.