சாவா மூவாப் பேராடு

ஆவடியிலிருந்து மேற்கே போகும் மின்சார ரயிலில் சில நிமிஷங்களில் வந்துவிடும் திருநின்றவூரில், கையில் காசில்லாத பூசலார் என்ற அடியார் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தேடி, தச்சரை அமர்த்தி, விமானம் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார் என்பதும், காஞ்சியில் கற்றளி கட்டி முடித்து அதே நாளைக் குறித்து வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றித் தனக்குப் பூசலாரின் கோயிலில் வேலையிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனதும் பெரிய புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிய சேதி அல்ல. பக்தியின் மேன்மையைச் சொல்ல வந்த அந்தச் சரித்திரத்தில், லௌகிக புத்தி மிகுந்த என் போன்றவர்களுக்கு இன்னொரு சௌகரியமும் தட்டுப்படுகிறது. மனக்கோயிலுக்கு மறுநாள் காலையில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வேண்டியதில்லை; மடைப்பள்ளிக்கு அரிசி அளக்க வேண்டியதில்லை; மழைக்காலத்தில் ஒழுகுகிற தளத்துக்குக் கொத்தனாரைத் தேட வேண்டியதில்லை. கல்லால் கட்டிய கோயிலுக்கும், செங்கல்லால் கட்டிய பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவை யாவும் வேண்டும், அதுவும் தினந்தோறும் வேண்டும்.

கட்டிக் கொடுப்பதற்கு நம்மிடையே ஆள் குறைவில்லை. சென்னையின் மேற்குப் புறநகரில் நான் அறிந்த ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறையில் நான்கு மின்விசிறிகள் உண்டு. நான்கிலும் உபயதாரர்களின் பெயர், சிவப்புச் சாயத்தில், விசிறி சுழலாத வேளையில் வாசிக்கும்படி எழுதியிருக்கிறது. வாசிப்பதற்கு அவகாசமும் நிறையவே கிடைக்கிறது, ஏனென்றால் அவற்றில் இரண்டு சுழன்று நெடுநாளாயிற்று. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று வாசலருகே சலவைக்கல் பலகையோடு நிற்கிறது. அதன் வடிகட்டியை மாற்றுவதற்குப் பணமில்லாததால் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். விசிறிக்கு உபயதாரர் அகப்படுகிறார். கரண்டு பில்லுக்கு உபயதாரர் அகப்படுவதில்லை. கரண்டு பில்லில் பெயர் எழுத இடமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

இந்த வித்தியாசத்தை நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சாசனங்களே சாட்சி. சோழர் காலத்தில் ஒருவர் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பினால், நெய்க்குடம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் புண்ணியத்தோடு வீடு திரும்பிவிடுவதில்லை. பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை விட்டார். அவற்றை மன்றாடி எனப்பட்ட இடையர் ஒருவர் ஏற்றுக்கொண்டு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்து வந்தார். அந்த ஆடுகளுக்குச் சாசனம் எழுதியவர்கள் வைத்த பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகும், மூப்படையும் என்பது மேய்ப்பவருக்குத் தெரியாதா என்ன? செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, கிழட்டாட்டைக் கழித்துப் புதியதைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காப்பது ஏற்றுக்கொண்டவரின் பொறுப்பு என்பதே அந்தச் சொற்றொடரின் தாத்பரியம். பொன்னாகக் கொடுத்தால் ஊர்ச்சபை அதை முதலாக ஏற்று, பொலிசை என்ற வட்டியை நெல்லாக அளந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலைக்கு வைத்தியர் முதல் பணியாளர் வரை இன்னாருக்கு இவ்வளவு என்று ஏற்பாடு சொல்கிறது. ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தவரின் புகழை விட, அதை மறு வருஷமும் நடத்துவதற்கான வகையைப் பற்றித்தான் அந்தக் கல் அதிகம் கவலைப்படுகிறது.

பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதனுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்தவர். அதற்கென நந்தவனம் வளர்த்தவர் என்று சொல்வார்கள். நந்தவனம் முதல், பூ வட்டி. செடிக்குத் தண்ணீர் விடாமல் பூ மட்டும் கேட்பவனை எந்த ஊரிலும் தோட்டக்காரன் என்று சொல்லமாட்டார்கள்.

எங்கள் குடும்பத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1974இல் தாம் பணிபுரிந்த பள்ளியில் 1,000 ரூபாயை மூலதனமாக வைத்து, பத்தாம் வகுப்பில் தமிழில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு வட்டியிலிருந்து பரிசளிக்கும்படி ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விட அது கணிசமாக அதிகம். பெரியம்மாவின் வளையல் ஒன்று அதற்காகக் கடைக்குப் போனது என்று பிற்காலத்தில் தெரிந்தது. வருஷத்துக்கு 70 ரூபாய் அளவில் வந்த வட்டியில், அந்நாளில் ஒரு நல்ல அகராதியும் ஒரு பேனாவும் வாங்கி, இரண்டையும் வர்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். சென்ற ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். பரிசு இன்னமும் கொடுக்கிறார்கள், பெரியப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பரிசு பெற்ற பெண் மேடையிலிருந்து வாங்கி வந்தது ஒரு சிறு எவர்சில்வர் டம்ளர். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பாட்டனார் வயதில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அவள் மரியாதையாகச் சிரித்தாள்.

இதில் மோசடி எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டுகளில் ஒரு பைசா களவு போகவில்லை. கணக்கு சுத்தமாக இருக்கிறது. முதல் 1,000 ரூபாய் வங்கியில் அப்படியே இருக்கிறது. அப்படியே இருக்கிறது என்பதுதான் கோளாறு. ஆடு குட்டி போடும். ரூபாய்க்கு அந்தச் சக்தி இல்லை, விலைவாசிக்கு முன்னால் அது வருஷந்தோறும் மெலிகிற பிராணி. வந்த வட்டியையெல்லாம் அந்தந்த வருஷமே செலவழித்து, முதலைத் தொடாமல் காப்பாற்றிவிட்டதாகத் திருப்தியடையும் தர்மகர்த்தா, மந்தையில் குட்டிகளையெல்லாம் விற்றுவிட்டுக் கிழட்டாடுகளை எண்ணிக் காட்டுகிற மேய்ப்பருக்கு ஒப்பானவர்.

அம்பத்தூரைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் கூடித் தொடங்கிய சைக்கிள் தொழில் அம்பத்தூரில் வேரூன்றியபோது, அதைச் சுற்றி வந்து குடியேறியவர்களுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தியமும் உடனடித் தேவையாயின. 1953இல் அக்குடும்பத்தாரின் ஏ.எம்.எம். தர்ம ஸ்தாபனம் உருவானது. அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் தலைவராக இருந்தவரின் பெயரால் 1966இல் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனை அம்பத்தூரில் எழுந்தது. சர் ராமசாமி முதலியார் பெயரில் மேல்நிலைப் பள்ளியும் உண்டு. முருகப்பா குடும்பத்தார் சார்ந்த நகரத்தார் வணிக மரபில் மகமை என்ற சம்பிரதாயம் பழையது. லாபத்தில் மிஞ்சியதைக் கொடுப்பது தானம். லாபத்தைப் பங்கிடுவதற்கு முன்பே தர்மத்துக்கென்று ஒரு பகுதியைக் கணக்கில் ஏற்றிவிடுவது மகமை. கொடுப்பவரின் மனநிலை எப்படியிருந்தாலும் மகமை நடந்துகொண்டிருக்கும். என் அபிப்பிராயத்தில், ஆலைகளின் வாசலில் எழுந்த ஸ்தாபனங்கள் சில அறுபது ஆண்டுகள் கடந்து நிற்பதற்குப் பெருந்தன்மையைக் காட்டிலும் இந்தப் பேரேட்டு ஒழுங்கே பிரதான காரணம்.

ஆவடியின் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானித்த திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டார்கள். இரண்டாண்டு கழித்து, 1957இல், அந்தப் பெயர் தாங்கிய பகுதியிலேயே முருகப்பா பாலிடெக்னிக் தோன்றியது. சர்க்கார்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று பேசிய இடத்தில் ஒரு வியாபாரக் குடும்பத்தின் அறநிதி தொழிற்கல்வியைக் கொண்டுவந்து வைத்ததைச் சிலர் முரண் என்பார்கள். அந்நாளைய முதலமைச்சர் அப்படி நினைத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு உலைவைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியில் நடந்த பள்ளி. அவர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது; கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில், ஊரார் தாமாகவே பள்ளிக்குப் பொருள் கொடுக்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் தொடங்கின. முதல் மாநாடு நடந்த கடம்பத்தூர், திருநின்றவூரையும் திருவள்ளூரையும் தாண்டி இதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. மேஜை நாற்காலி முதல் நிலம் வரை ஜனங்கள் கொண்டுவந்து குவித்தார்கள். ஆயினும் அந்த உற்சாகத்தின் பெரும்பகுதி பொருளாகவே வந்தது, முதலாக வரவில்லை. மேஜை உடைந்த பிறகு இன்னொரு மாநாடு கூட்ட வேண்டியிருந்தது.

முதல் மட்டும் இருந்து மேய்ப்பர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்து ஊரே உதாரணம். பெரியபாளையத்தில் 1754இல் பிறந்து, துபாஷியாகப் பெரும்பொருள் ஈட்டி, 1794இல் நாற்பது வயதில் மறைந்த பச்சையப்ப முதலியார், இறப்பதற்குச் சில தினங்களுக்கு முன் தம் சொத்தின் பெரும்பகுதியைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார். எழுதி வைத்தவர் போனார். சொத்து வழக்கில் விழுந்தது. சுமார் ஐம்பது வருஷங்கள் நீதிமன்றத்திலும் உறவினர் கைகளிலும் அது அலைந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் விடாமல் முயன்றிராவிட்டால் பச்சையப்பர் என்ற பெயர் பழைய தஸ்தாவேஜுகளில் மட்டுமே இருந்திருக்கும். உயிலில் கண்ட கோயில் தர்மங்களுக்குப் போக, சேர்ந்து பெருகியிருந்த மிகுதியைக் கல்விக்குத் திருப்ப நீதிமன்றம் வழி செய்ததால், 1842 ஜனவரி 1ஆம் தேதி பிராட்வேயில் ஒரு பள்ளி திறந்தது. அதுவே பின்னர் கல்லூரியாகி, 1940இல் சேத்துப்பட்டுக்குக் குடிபெயர்ந்தது. அண்ணாதுரை அங்கேதான் படித்தார். செத்துப்போனதாக எல்லோரும் கருதியிருந்த மந்தை குட்டிகளோடு திரும்பி வந்த அபூர்வம் அது. எல்லா உயில்களுக்கும் ஒரு நார்ட்டன் வாய்ப்பதில்லை.

இன்றைக்கு வருவோம். 2013ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஸ்ரீபெரும்புதூர் சாலைத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த நமக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பின்னர், எந்த ஸ்தாபனத்தின் மூலநிதிக்கும் கொடுக்கும் பணம் இந்தக் கணக்கில் சேராது. சில கம்பெனிகள் தம் சொந்த டிரஸ்டுகளில் பணத்தைப் போட்டுப் பூட்டி வைத்ததால் வந்த கெடுபிடி அது. நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. விளைவோ, மார்ச் முடிவதற்குள் பணத்தைத் தீர்த்தாக வேண்டிய அவசரத்தில் சுவருக்குச் சாயம், வாசலில் பலகை, போட்டோ. மகமை என்று பேரேட்டில் எழுதிய நாட்டில், ஆடு வாங்கிக் கொடுக்காதே, நெய் மட்டும் வாங்கிக் கொடு என்று சட்டம் சொல்கிறது. பயன்பெறும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமேயான, கம்பெனியின் கை படாத மூலநிதிகளுக்காவது விலக்கு அளிப்பதில் என்ன தவறு நேர்ந்துவிடும்? 1890ஆம் ஆண்டின் தர்ம நிதிச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அதன் கீழ் மூலதனத்தைச் சர்க்காரின் பொக்கிஷதாரர் பெயரில் வைத்துவிட்டு, நிர்வாகத்தை உள்ளூராரிடம் விடலாம். திருடுவதற்கும் வழியில்லை, மறப்பதற்குத்தான் வழி.

மறதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மேற்குப் புறநகரில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் ஊர் என்ற சொல்லை உச்சரிக்கும்போது அம்பத்தூரையோ ஆவடியையோ நினைப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து, வட ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களையே நினைக்கிறார்கள். நாற்பது வருஷம் இங்கே வீடு கட்டி வாழ்ந்து, பிள்ளைகளை இந்தப் பள்ளிகளிலேயே படிக்கவைத்தவர், குலதெய்வத்தின் மண்டகப்படிக்கு ஆண்டு தவறாமல் பணம் அனுப்புகிறார். தெருக்கோடிப் பள்ளிக்கு ஒரு கட்டளை வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. குலதெய்வத்தைக் கைவிடச் சொல்லவில்லை. வைப்புநிதிக்கு மேய்ப்பர் வேண்டும், மேய்ப்பர் அந்த ஊரில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வருமான வரிச் சட்டம் தர்ம ஸ்தாபனங்களின் வருமானத்தில் நூற்றுக்கு 15 வரை செலவழிக்காமல் சேர்த்துவைக்க இடம் தருகிறது. அந்த 15ஐக் குட்டியென்று கருதி, ஆண்டுதோறும் முதலோடு சேர்த்து, கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒட்டுகிற ஐந்து பேர் ஒரு தெருவுக்குக் கிடைக்கமாட்டார்களா?

பெரியப்பாவின் பள்ளியில் விழா முடிந்த மறுவாரம் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். பெரியப்பாவின் மூலதனத்தில் இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்க வேண்டும், வட்டியில் ஏழில் ஒரு பங்கை ஒவ்வொரு வருஷமும் முதலிலேயே போட்டுவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பழைய கணக்கில் சேர்க்க விதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். புதிதாக ஒன்று தொடங்கினால் சுலபம், உங்கள் பெயரிலேயே வைக்கலாமே, சார், பலகையில் இடம் இருக்கிறது என்றார். பலகை நிறைந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து 1974ஆம் வருஷத்துக் கோப்பை எடுத்தார். அதன் முதல் தாளில் பெரியப்பாவின் கையெழுத்து, நீலமசி பழுப்பேறி, இன்னும் படிக்கும்படியாகவே இருந்தது.