வரைபடம் இருக்கிறது, வீட்டுக் கணக்கு எங்கே?



திருத்தணி மலைக்கோயிலுக்குப் படிகள் 365 என்பதை ஊரில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வான். அதே ஊரில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் எத்தனை, ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறையினர் நெருக்கியடித்து வாழும் வீடுகள் எத்தனை, பட்டா இல்லாத மனைகள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். சொல்வார் இல்லை.

இதனை அதிகாரிகளின் அலட்சியம் என்று மட்டும் நாம் கருதவில்லை. குறை சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, குடியிருப்புக்கு எந்த நிலம், வணிகத்துக்கு எந்த நிலம், சாலை எவ்வழியே செல்லும் என்று வகுத்து முழுமைத் திட்டம் தயாரிக்கச் சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனை மறுஆய்வு செய்யவும் வழிவகுக்கிறது. ஆனால் அந்த நிலத்தில் எளியவர்க்கு எத்தனை வீடு தேவை, சென்ற ஆண்டு எத்தனை எழுந்தன என்று உள்ளாட்சி அமைப்பு ஆண்டுதோறும் மக்கள்முன் கணக்கு வைக்கவேண்டும் என்று அது பணிக்கவில்லை. நிலத்துக்கு வண்ணம் தீட்டுவதோடு கடமை முடிந்துவிடுகிறது.

அந்த வண்ணத்தின் விளைவு சாதாரணமானதன்று. நம் பாட்டனார் வாங்கிய மனையின்மீது சாலை என்றோ பூங்கா என்றோ ஒரு கோடு விழுந்தால், கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் அங்கேயே நின்றுவிடும். இதற்கு ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தருகிறது. ஆனால் அரசிதழைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது? பெரும்பாலான குடும்பங்கள் செய்தியை அறிவது பல ஆண்டுகள் கழித்து, மகனுக்கு மாடி எடுக்க வரைபடம் போடும் நாளில்தான். அவ்வாறு ஒதுக்கிய நிலத்தை மூன்றாண்டுகளுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் ஒதுக்கீட்டிலிருந்து அது விடுபட்டதாகவே கருதப்படும் என்று 38ஆம் பிரிவு கூறுகிறது. இதனை அறியாமல் மனையை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு.

வேறு நாட்டில் எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1969 முதல் ஒவ்வொரு நகரமும் தன் திட்டத்தில் வீட்டுவசதிக்கென ஓர் இயலை எழுதியாக வேண்டும். மிகக் குறைந்த வருவாய், குறைந்த வருவாய், நடுத்தரம், அதற்கு மேல் என்று நான்கு பிரிவினருக்கும் எத்தனை வீடு என்ற இலக்கு அந்நகரத்துக்கு விதிக்கப்படும். எத்தனைக்கு அனுமதி அளித்தோம் என்று ஆண்டுதோறும் ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் அறிக்கை தரவேண்டும். இலக்கில் பின்தங்கும் நகரங்களில், விதிக்கு உட்பட்ட வீட்டுத் திட்டங்களை நகர மன்றம் தன் விருப்பப்படி தடுக்க முடியாதவாறு 2017இல் ஒரு சட்டமும் வந்தது. அதனால் அங்கே வாடகை குறைந்துவிட்டதா? இல்லை; தட்டுப்பாடு இன்றும் கடுமையாகவே இருக்கிறது. ஆயினும் எந்த நகரம் யாருக்கு எத்தனை வீடு கடன்பட்டிருக்கிறது என்பதை அங்கே ஒரு சாதாரணக் குடிமகனால் எடுத்துக்காட்ட முடிகிறது.

இங்கே நமக்குத் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2030க்குள் எட்டு இலட்சம் வீடுகள் என்ற இலக்குடன் வந்த கலைஞரின் கனவு இல்லம் ஊரகப் பகுதிகளுக்கானது. ஊராட்சியில் இருப்பவர் கிராம சபையில் எழுந்து, பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்று கேட்கலாம். நகராட்சி எல்லைக்குள் இருப்பவருக்கு அப்படியொரு மன்றம் வெகுகாலம் இருந்ததில்லை. வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல்தான் வந்தன; அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின. அங்கே தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படுகின்றன; வேண்டியதுதான். வீட்டைப் பற்றிப் பேச யாரும் தாளோடு செல்வதில்லை.

எண்ணிக்கையின் வலிமையை இந்த ஊருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று நம் மாநிலத்தோடு இணைந்தது. ம.பொ.சி.யின் போராட்டம் ஒருபுறம். கிராமத்தை அலகாகக் கொண்டு எம்மொழி பேசுவோர் எத்தனை பேர் என்று பார்த்த படாஸ்கர் பரிந்துரை மறுபுறம். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011இன் எண்களைக் கொண்டே இத்தனை காலம் திட்டமிட்டு வந்திருக்கிறோம். அன்று பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் இன்று தனிக்குடித்தனத்துக்கு வீடு தேடுகிறார்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது (2:282) என்பதை நாம் அறிவோம். இருவருக்கிடையிலான கொடுக்கல் வாங்கலுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டுமென்றால், ஒரு நகரத்தின் நிலம் என்னும் அமானிதத்துக்குக் கணக்கு வேண்டாமா? ஆண்டறிக்கையைச் சட்டக் கடமையாக்கும்படி நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த பகுதி சபைக்கு முன்பாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் ஜமாஅத் இளைஞர்கள் நால்வர் நோட்டோடு புறப்பட்டால் ஒரு தெருவை முடித்துவிடலாம்: சொந்த வீடா வாடகையா, எத்தனை பேர், பட்டா உண்டா. நம் வீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.