தாடையைப் பிளக்குமுன்!



பாறையைப் பிளக்கக் கண்டிருக்கிறோம். பலாவைப் பிளக்கக் கண்டிருக்கிறோம். மனிதனின் தாடையைப் பிளப்பதும் உண்டு! கொடியவன் செய்யும் வேலையல்ல. உயிர் காக்க மருத்துவர் செய்யும் வேலை. நாக்கின் அடியிலே, தொண்டையிலே புற்று பதுங்கிவிட்டால் வாய்வழியே கத்தி எட்டாமற்போகும். கீழுதட்டை நடுவே கீறி, தாடை எலும்பை இரம்பத்தால் அறுத்து, கதவைத் திறப்பதுபோல் விலக்கி, கட்டியை எடுத்தபின் உலோகத் தகடு வைத்துத் திருகாணியால் பூட்டுகிறார்கள்.

அரிய கலைதான். ஆனால் முன்பே கதிர்வீச்சு பெற்று, நோய் திரும்பி வந்தவனுக்கோ? புற்றைச் சுட்ட கதிர், எலும்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களையும் சுட்டிருக்கிறது. அறுத்த எலும்பு ஒட்டத் தயங்கும். சிலருக்குச் செத்துச் சீழ்வைக்கும். கதிர் பட்ட தாடையில் ஒரு பல்லைப் பிடுங்கினாலே அந்த ஆபத்துண்டு. சொத்தைப் பல்லைக் கதிர்வீச்சுக்கு முன்பே எடுத்துவிடுவது அதனால்தான்.

கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம். இடையில் நிறுத்தினால் புற்று மீண்டும் தலைதூக்கும். பீஸ் கணக்கில் பவர்டேபிளில் தைக்கும் திருப்பூர்த் தோழன் எப்படிப் போவான்? கோவைக்குப் பேருந்து ஏறினால் அன்றைய கூலி போயிற்று! "புண்தானே, ஆறும்" என்று ஒன்றரை ஷிப்டுக்கு உட்காருகிறான். தூக்கம் விரட்டப் புகையிலையை அதக்குகிறான், அதே புண்மேல்! விடத்தான் வேண்டும் அதை. ஆனால் உபதேசம் செய்வோர் அவன் கூலியைப் பற்றிப் பேசக் காணோம்.

சரத் பவாருக்கு 2004இல் வாய்ப் புற்றுநோய். புகையிலையால் வந்தது என்று அவரே சொன்னார். அறுவையும் கதிர்வீச்சும் பெற்றார். 2014 வரை மத்திய வேளாண் அமைச்சராகவும் இருந்தார். வாழட்டும்! அவர் சிகிச்சைக்குப் போன நாளில் அவர் வீட்டு அடுப்பு அணையவில்லை.

நம் வீட்டு அடுப்புக்கும் வழியுண்டு. 1948இல் சட்டமான இ.எஸ்.ஐ.! நோயில் விழுந்தவனுக்கு ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு. இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவனுக்குப் புற்றுநோய் வந்தால், அதன்பின் 80 விழுக்காடு, இரண்டாண்டுவரை. பிச்சையல்ல, நம் கூலியில் பிடித்த பணம்! பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் இது உண்டு. ஆயினும் காண்ட்ராக்ட் என்றும், பீஸ் ரேட் என்றும் சொல்லிப் பதிவேட்டில் பெயரே இல்லாத தோழர்கள் எத்தனை! ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மருகே தைப்பவர்களும் அவர்களில் உண்டு.

மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் அகலத் திறக்காமை: இவற்றோடு ஷிப்டுக்குப் போகாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். சிறிதாக இருக்கையில் பெரும்பாலும் இரம்பம் வேண்டியதில்லை. வரும் சனிக்கிழமை கூலி வாங்கும்போது, "என் இ.எஸ்.ஐ. எண் என்ன?" என்று கேளுங்கள். தனியாக அல்ல, மொத்த லைனும் சேர்ந்து!