ஊர் எது, அப்பா என்ன பண்றார்?

லேத் ஆபரேட்டர் வேலை. டிப்ளமோ முடித்த பையன் ஃபைலோடு உள்ளே போய் உட்கார்கிறான். "உங்களைப் பத்திச் சொல்லுங்க." சொல்கிறான். "சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்?" அதற்கும் பதில் வருகிறது. மேஜையிலேயே ஒரு வெர்னியர் காலிப்பர் கிடக்கிறது. அதை அவன் கையில் கொடுத்து, இந்தக் கம்பியின் விட்டத்தை அளந்து சொல் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. பத்தாவது நிமிடம் முடிவாகிவிடுகிறது: பையன் நல்லவன், பேச்சுதான் சரியில்லை.

இந்த வழக்கம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி, மாணவர் சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு 50 மதிப்பெண்ணும் வைத்திருந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் பெற்றோர், வீடு பற்றி மட்டும் விசாரித்து அனுப்பிவிட்டார்கள் என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்று அதற்குப் பெயர். மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர்காணலை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அந்த யோசனையை எத்தனை அலுவலகங்கள் காதில் வாங்கின?

புத்திசாலித்தனமாகக் கேட்டால் சரியாகிவிடும் என்பதும் பொய். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற ரகக் கேள்விகளுக்குப் பேர்போன நிறுவனம் கூகுள். அவை எதையும் கணித்துச் சொல்லவில்லை, வெறும் நேர விரயம் என்று அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் ஒப்புக்கொண்டார்.

பிறகு எதுதான் பலிக்கிறது? எல்லாரிடமும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பெண் முறை. 2022-ல் பால் சாக்கெட்டும் சக உளவியலாளர்களும் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டார்கள். நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள ஒட்டுறவு, இப்படித் திட்டமிட்ட நேர்காணலில் 0.42, வாய்க்கு வந்ததைக் கேட்பதில் 0.19. முழுப் பொருத்தம் என்றால் 1. ஆக, சிறந்த முறையே பாதிக்கிணறுதான்!

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியங்கள் நேர்காணலை மட்டும் நம்புவதில்லை. ஐந்து நாள் தங்கவைத்து, 15 விநாடிக்கு ஒரு சொல்லாக 60 சொற்களைக் காட்டி எழுதச் சொல்வார்கள். குழுவாகச் சேர்ந்து தடை தாண்டச் சொல்வார்கள். சிறு தொழிற்சாலைக்கு ஐந்து நாள் கட்டுப்படியாகாது. அரை மணி நேரச் செய்முறைத் தேர்வு கட்டுப்படியாகும்.

வேலை தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நீங்க செஞ்ச ஒரு தப்பைச் சொல்லுங்க" என்று கேட்டால், பலர் பதறிப்போய் "தப்பே பண்ணதில்ல சார்" என்கிறார்கள். அது குற்றம் கண்டுபிடிக்கிற கேள்வி அல்ல. நடந்த ஒன்றை வைத்து ஆளை எடைபோடும் பாணி. பயிற்சியில் ட்ரில் பிட்டை உடைத்தது, வேகம் கூடிப்போனதுதான் காரணம் என்று கண்டுபிடித்தது, அடுத்த முறை குறைத்துவைத்தது என மூன்று வாக்கியம் போதும். அழைப்பு வரும்போதே எத்தனை சுற்று, செய்முறை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.