பீனிக்ஸ்: வெயிலோடு வாழும் தலைநகர்

இந்த வாரம் அமெரிக்காவுக்குப் போய் வருவோமா? அரிசோனா ராஜ்யத்தின் தலைநகர் பீனிக்ஸ். எரிந்த சாம்பலிலிருந்து மறுபடி உயிர் பெற்று எழுவதாகக் கதைகளில் வருகிறதே, அந்தப் பறவையின் பெயர்தான்.

பாலைவனத்து ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்கிறீர்களா? ஹோஹோகம் என்ற ஆதிவாசிகள் இங்கே நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டிச் சோளமும் பருத்தியும் பயிரிட்டார்கள். சுமார் 1450-க்குள் அவர்களுடைய ஊர்கள் காலியாகிவிட்டன. 1867-ல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் வந்து, பழைய வாய்க்கால்களின் தடத்திலேயே மறுபடி தண்ணீர் பாய்ச்ச ஏற்பாடு செய்தார். பாழடைந்த ஊர் இருந்த இடத்தில் புது ஊர் எழுந்தது. பெயரும் பொருத்தமாக அமைந்தது.

1950-ல் இங்கே ஜனத்தொகை 1 லட்சத்துச் சொச்சம். 2020-ல் 16 லட்சம்! அந்தக் கணக்கெடுப்பில், அமெரிக்க ராஜ்யத் தலைநகரங்களில் 10 லட்சத்தைத் தாண்டியது இது ஒன்றுதான். இந்த வளர்ச்சிக்கு முக்கியமான காரணம் குளிர்சாதன யந்திரம். அது வருவதற்கு முன் ஜனங்கள் திண்ணையில் கட்டிலைப் போட்டு, நனைத்த துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்களாம்.

தண்ணீரும் சுலபமாக வருவதில்லை. கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் நீளக் கால்வாய் போட்டிருக்கிறார்கள். அந்த ஆறும் வற்றிவருவதால், 2021-ல் முதன் முறையாகத் தட்டுப்பாடு அறிவித்து அரிசோனாவின் பங்கைக் குறைத்தார்கள்.

வெயிலைக் கேளுங்கள். 2023-ல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் குறையவில்லை. பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா ஜில்லாவில் அந்த ஆண்டு வெப்பத்துக்குப் பலியானவர்கள் 645 பேர். பலர் தெருவோரம் வசித்த ஏழைகள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் குளிர்சாதனம் இருந்தது. ஆனால் வேலை செய்யவில்லை.

2018-ல் பீனிக்ஸ் புறநகர் ஒன்றில், 50 டாலர் சொச்சம் பாக்கிக்காக ஒரு மூதாட்டியின் வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். வெப்பம் தாங்காமல் அந்த அம்மாள் இறந்து போனார். சேதி பரவியதும் ஊர் கொதித்தது. 2019-ல், கோடை மாதங்களில் பாக்கிக்காக மின்சாரத்தை நிறுத்தக் கூடாதென்று ராஜ்ய அதிகாரிகள் தடை விதித்தார்கள். 2021-ல் வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்றே நகரசபை தனி இலாகா ஏற்படுத்தியது. நிழல் மரம் நடுவதும், வெயிலில் தவிப்பவர்களுக்குக் குளிர்ந்த இடமும் குடிநீரும் கொடுப்பதும் அதன் வேலைகள்.

யந்திரத்தையும் கால்வாயையும் நம்பி எழுந்த ஊருக்கு, கடைசியில் மனிதரின் அக்கறையும் தேவைப்படுகிறது பார்த்தீர்களா? கதையில் வரும் பறவைக்கு மறுபிறவி உண்டு. தனியாக இருக்கும் பாட்டிக்கு ஏது? வெயில் கடுமையாக இருக்கும் நாளில், பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களும் ஒரு குரல் கொடுத்துவிட்டு வாருங்கள்.